தொப்பி அணியும் வகுப்பு



தான்சானியா நாட்டில் தோலுக்கு நிறம் தரும் மெலனின் குறைவோடு பிறக்கும் பிள்ளைகள் பலர் உண்டு. தோலைக் காக்காமல் வெயிலில் திரிந்தால், வாலிப வயதிலேயே அவர்களுக்குத் தோல் புற்றுநோய் வரக்கூடும்.

மோஷி நகரின் கிளிமஞ்சாரோ கிறிஸ்தவ மருத்துவ மையம் 1971-ல் திறக்கப்பட்டது. அங்குள்ள தோல்நோய்ப் பயிற்சி நிலையத்தில் இவர்களுக்கென்றே ‘கிளிசன்’ என்னும் களிம்பு உருவாக்கப்பட்டது. ஆனால் களிம்பு மாத்திரம் போதாது, பழக்கமும் வேண்டும்.

பள்ளியில் கற்பிக்க வேண்டியவை:

1. அகன்ற விளிம்புள்ள தொப்பி, முழுக்கைச் சட்டை.
2. முகம், காது, கழுத்து விடாமல் களிம்பு.
3. உச்சி வெயிலில் நிழலிலேயே விளையாட்டு.
4. மேகமூட்டமான நாளிலும் இதே கவனம்.

ஒரு பிள்ளை மாத்திரம் தொப்பி அணிந்தால் கேலிக்கு அஞ்சிக் கழற்றிவிடும். வகுப்பே அணிந்தால் கழற்றாது. இப்பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் உங்கள் ஜெபங்களில் தாங்குங்கள்.