படத்தில் ஒரு நிறம், கையில் ஒரு நிறமா?



சேலை, பாய், கூடை என்று நாம் செய்யும் பொருட்களைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி விற்கிறோம். "படத்துல பார்த்த கலர் வேற, வந்த சேலை கலர் வேற" என்று திருப்பி அனுப்பிவிட்டால் கூரியர் செலவு நம் தலையில்தான். வெளிச்சம் சரியில்லாததும் காரணமாக இருக்கலாம். பலரும் கவனிக்காத இன்னொரு காரணம் 'கலர் ஸ்பேஸ்'. இந்த மாதம் அதைப் படிப்போம்.

கலர் ஸ்பேஸ் என்றால் என்ன?

டிஜிட்டல் படம் முழுக்க எண்கள்தான். ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் எவ்வளவு என்று 0 முதல் 255 வரை குறித்திருக்கும். ஆனால் எந்தப் படியால் அளந்தது? பெரிய படியில் மூணு படி அரிசி அளந்துவிட்டு, 'மூணு படி' என்று மட்டும் சொன்னால், கேட்பவர் சின்னப் படி என்று நினைத்துக்கொள்வார். அரிசி குறைந்துபோகும். நிறமும் அப்படித்தான்.

இரண்டு படிகள்

எஸ்.ஆர்.ஜி.பி. – சின்னப் படி. 1996-ல் எச்.பி., மைக்ரோசாப்ட் நிறுவனங்கள் கொண்டுவந்தவை. போன், கம்ப்யூட்டர், இணையதளம் எல்லாவற்றுக்கும் பொதுவானது.

அடோப் ஆர்.ஜி.பி. – பெரிய படி. 1998-ல் வந்தது. பச்சை, நீலப்பச்சை நிறங்கள் இதில் கூடுதலாக அடங்கும்.

"பெரிசுதானே நல்லது?" என்று கேட்கலாம். பெரிய படியில் அளந்த படத்தைச் சின்னப் படியாக எடுத்துக்கொண்டு காட்டினால் சேலை வெளுத்துத் தெரியும். எனவே போனில் பார்க்கும் படத்துக்கு எஸ்.ஆர்.ஜி.பி.யே போதும்.

செய்ய வேண்டியவை

1. கேமராவின் மெனுவில் 'கலர் ஸ்பேஸ்' என்ற இடத்தில் எஸ்.ஆர்.ஜி.பி. வையுங்கள்.

2. முன்பே அடோப் ஆர்.ஜி.பி.யில் எடுத்த படமா? இலவச மென்பொருளான ஜிம்ப்பில், 'இமேஜ்' மெனுவில் 'கலர் மேனேஜ்மென்ட்' சென்று 'கன்வர்ட்' கொடுங்கள். 'அசைன்' வேண்டாம். அது எண்களை மாற்றாமல் படியின் பெயரை மட்டும் மாற்றிவிடும்.

3. மூலப் படத்தை அழிக்காதீர்கள். நகல் எடுத்து அதில் திருத்துங்கள்.

4. நோட்டீஸ், காலண்டர் அடிப்பதென்றால், எந்த முறையில் படம் வேண்டும் என்று அச்சகத்தில் முதலில் கேளுங்கள். அங்கே நான்கு மைகளுக்கு ஏற்ப நிறத்தை மாற்ற வேண்டியிருக்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம். மயில்கழுத்து போன்ற அடர்ந்த நிறங்களில் சில, சின்னப் படிக்குள் முழுசாக அடங்காது. அப்போது, "நேரில் இன்னும் அழுத்தமாக இருக்கும்" என்று வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உள்ளதைச் சொன்னால் வாடிக்கையாளர் நிலைப்பார்.

கூட்டத்தில் செய்து பாருங்கள்: ஒரே சேலையின் படத்தை நாலைந்து போன்களில் திறந்து, சேலையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். எதில் நிறம் மாறுகிறது, ஏன் என்று பேசுங்கள்.