நோய் வேறு, மனச்சோர்வு வேறு

திருவனந்தபுரம் என்ற பெயருக்கு அனந்தனின் திருநகரம் என்பது பொருள். பத்மநாப சுவாமிக்குப் பாம்பணையாக விளங்கும் அந்த அனந்தனே, அதாவது ஆதிசேஷனே, பதஞ்சலி முனிவராக அவதரித்தார் என்று மரபு கூறுகிறது. யோக சூத்திரத்தின் முதல் பாதத்தில் சாதகனின் பாதையில் குறுக்கிடும் ஒன்பது தடைகளை அம்முனிவர் வரிசைப்படுத்துகிறார். அவற்றுள் முதலில் அவர் வைப்பது சோம்பலையோ ஐயத்தையோ அல்ல, வியாதியை.

அனந்தனின் இந்நகரில் வாழும் அன்பர்கள் சிலருக்கும், நாட்டின் பிற பகுதிகளில் உள்ள பலருக்கும், அந்த முதல் தடை இன்று கிரோன் நோய் என்றும் அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் என்றும் பெயர் தாங்கி வருகிறது. இரண்டும் குடலில் நீங்காத அழற்சியை உண்டாக்கும் நோய்கள். கொலோனோஸ்கோபி பரிசோதனைக்குப் பின், ‘இதைக் கட்டுப்படுத்தலாம், ஆனால் வாழ்நாள் முழுவதும் உடனிருக்கும்’ என்று மருத்துவர் கூறுகிறார். கேட்பவர் பெரும்பாலும் இளம் வயதினர். வேலையும் திருமணமும் எதிர்காலமும் ஒரே கணத்தில் கேள்விக்குறியாகி நிற்கின்றன. அந்த வேளையில் மனத்தை எவ்வாறு நிலைநிறுத்துவது?

நோயின் இயல்பு

முதலில் நோயை உள்ளவாறு அறிவது நல்லது. கிரோன் நோயை 1932-ஆம் ஆண்டில் நியூயார்க் மருத்துவர்கள் மூவர் விவரித்தனர். அவர்களுள் ஒருவரின் பெயரே அதற்கு நிலைத்தது. மேலை நாட்டு நோய்கள் என்று ஒரு காலத்தில் கருதப்பட்ட இவை இரண்டும் கடந்த சில பத்தாண்டுகளாக இந்தியாவிலும் பெருகி வருகின்றன. நம் நாட்டில் குடல் காசநோயும் கிரோன் நோயைப் போலவே தோற்றமளிப்பதால், இன்ன நோய் என்று உறுதி செய்யவே சிலருக்கு நெடுங்காலம் ஆகிறது.

உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் தன் குடலையே தாக்குவது இந்நோய்களின் தன்மை. மரபுக் கூறுகள், குடல்வாழ் நுண்ணுயிர்கள், சூழல் ஆகியவை இதில் பங்கு கொள்கின்றன. ‘நான் அதிகம் கவலைப்பட்டதால் வந்தது’, ‘ஏதோ தவறு செய்ததற்குத் தண்டனை’ என்று நோயாளி தன்னைத் தானே நொந்துகொள்வதற்குக் காரணம் இல்லை. மனவழுத்தம் இந்நோயின் துன்பத்தை மிகுவிக்கலாம்; ஆனால் அதுவே நோயைத் தோற்றுவிப்பதில்லை. கர்மக் கொள்கையும் நாம் பொறுப்புடன் செயல்படுவதற்காகக் கூறப்பட்டதேயன்றி, துன்புறுபவரைக் குற்றவாளியாக்குவதற்காகக் கூறப்பட்டதன்று.

துக்கமும் தௌர்மனஸ்யமும்

ஒன்பது தடைகளைக் கூறிய பதஞ்சலி, அடுத்த சூத்திரத்தில் அவற்றோடு சேர்ந்து வரும் நான்கினைக் கூறுகிறார்: துக்கம், தௌர்மனஸ்யம், உடல் நடுக்கம், சீரற்ற மூச்சு. இங்கே ஒரு நுட்பம் உள்ளது. வியாதியை ஓரிடத்திலும் தௌர்மனஸ்யம் என்னும் மனச்சோர்வை வேறோரிடத்திலும் அவர் வைத்திருக்கிறார். இரண்டும் ஒன்றல்ல. விரும்பியது தடைப்படும்போது மனத்தில் எழும் கலக்கமே தௌர்மனஸ்யம் என்று வியாசரின் உரை விளக்குகிறது.

புதிதாக நோய் கண்டவரின் துயரத்தை ஆராய்ந்தால் இது விளங்கும். வயிற்று வலி ஒரு துன்பம். ‘இனி நீண்ட ரயில் பயணம் எப்படிச் செய்வேன்? ஆற்றுகால் பொங்கலன்று தெருவில் அடுப்பருகே மணிக்கணக்காக எப்படி நிற்பேன்? நாற்பத்தொரு நாள் விரதம் இருந்து சபரிமலை ஏறுவேனா?’ என்பவை வேறொரு துன்பம். முன்னது குடலில் உள்ளது. பின்னது இழந்த விருப்பங்களில் உள்ளது. முன்னதை மருந்து தணிக்கும். பின்னதற்கு மருந்து மட்டும் போதாது. அதேபோல, வேதாந்தம் மட்டும் குடற்புண்ணை ஆற்றாது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதே பெரும்பாலான இடர்களுக்கு வேர்.

தோதாபுரியின் அனுபவம்

ஞானியருக்கும் இச்சோதனை வந்ததுண்டு. 1865-ஆம் ஆண்டு வாக்கில் தட்சிணேசுவரத்திற்கு வந்து, ஸ்ரீராமகிருஷ்ணருக்கு அத்வைத சாதனையைக் கற்பித்தவர் தோதாபுரி. எங்கும் மூன்று நாட்களுக்கு மேல் தங்காத அந்த நாகா சன்னியாசி அங்கே பதினொரு மாதங்கள் தங்கினார். இரும்பு போன்ற உடல் படைத்த அவரைக் கடுமையான ரத்தபேதி பற்றியது. ஸ்ரீராமகிருஷ்ணர் மருந்துக்கும் பத்திய உணவுக்கும் ஏற்பாடு செய்தும் நோய் தணியவில்லை. ஓர் இரவு வலியின் மிகுதியால் மனம் தியானத்தில் ஒன்றவில்லை. இந்த உடல் இனி எதற்கு என்று வெறுப்புற்று அதைக் கங்கையில் விட்டுவிட இறங்கினார். எவ்வளவு தூரம் நடந்தும் மூழ்குமளவு ஆழம் கிட்டவில்லை. உடலும் நோயும் நீரும் யாவும் பராசக்தியின் வடிவமே என்ற உணர்வு அப்போது அவருக்கு உதித்தது; கரை திரும்பினார்.

நெடுங்காலத் தவம் செய்தவரையே குடல் நோய் அந்த அளவுக்கு அசைத்தது என்றால், நாம் கலங்குவது இழிவன்று. தோதாபுரி அந்த இரவில் எவரிடமும் ஒரு சொல்லும் கூறவில்லை. நாம் அப்படி இருக்க வேண்டியதில்லை. வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் உடனே குடும்பத்தாரிடமும் மருத்துவரிடமும் சொல்லிவிட வேண்டும். மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம்.

சாதகன் செய்ய வேண்டியவை

பதஞ்சலியின் வரிசையையே வழிகாட்டியாகக் கொள்ளலாம். வியாதியை அடுத்து வருவது ஸ்த்யானம் என்னும் மனத்தின் செயலற்ற நிலை. முதல் சில வாரங்களில் அது இயல்பு. சிறிய கடமைகளைச் செய்துகொண்டே அதைக் கடக்க வேண்டும். அடுத்தது சம்சயம். ஐயங்களைத் தாளில் எழுதி மருத்துவரிடம் நேரே கேட்பது நன்று. வைத்தியத்திற்கு வைத்தியம் மாறித் திரிவது நன்றன்று. பிறகு பிரமாதம், அதாவது கவனக்குறைவு. சற்றே நலமானதும் மருந்தை நிறுத்துவது இதன் தெளிவான வடிவம். ஸ்டீராய்டு மருந்தைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். வலிநிவாரணி மாத்திரைகளையும் மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளலாகாது.

ஒன்பதாவது தடை அனவஸ்திதத்வம்: எய்திய நிலையில் நிலைத்து நிற்க இயலாமை. தணிந்த நோய் மீண்டும் எழும்போது ‘என் முயற்சி எல்லாம் வீண்’ என்று தோன்றும். எழுவதும் தணிவதும் இந்நோயின் இயல்பு, அது தோல்வியன்று. சாதனையில் வழுவியவன் மீண்டும் அமர்வது போல் சிகிச்சையைத் தொடர வேண்டும்.

பக்தர்களை வாட்டும் மற்றொரு கேள்வி தூய்மை பற்றியது. ‘அடிக்கடி கழிப்பறை செல்ல நேரும் நான் எப்படி ஜபம் செய்வேன்?’ என்று தயங்குகின்றனர். மானச ஜபத்திற்குக் காலமும் இடமும் நியதியல்ல. பூஜையில் அமர இயலாத நாளில் படுத்தவாறே இறைவன் நாமத்தைச் சொல்லலாம். உடலுக்கு ஒவ்வாத பாயசப் பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பிறருக்கு அளித்தாலும் அது பிரசாதமே.

உடனிருப்போருக்கும் ஒரு சாதனை உண்டு. துன்புறுபவரிடம் கருணை காட்டுமாறு பதஞ்சலி கூறுகிறார். விருந்தில் ‘இன்னும் கொஞ்சம் சாப்பிடு’ என்று வற்புறுத்தாமலும், எழுந்து சென்றால் காரணம் கேளாமலும் இருப்பது அக்கருணையின் எளிய வடிவம்.

பத்மநாபரை மூன்று வாயில்களின் வழியே தரிசிக்கிறோம். எந்த ஒரு வாயிலும் முழு உருவைக் காட்டுவதில்லை. நோய் என்னும் வாயிலில் தெரிவதும் நம் வாழ்வின் ஒரு பகுதியே. உடலை மருத்துவரின் பொறுப்பிலும் மனத்தை இறைவனின் திருவடியிலும் வைத்து, இன்றைய நாளுக்குரிய கடமையைச் செய்வோம்.