சுரங்கம் இருந்தும் ஏன் வெள்ளம்?

கோலாலம்பூரில் இரண்டு மணி நேரம் விடாமல் மழை பெய்தால் போதும், புலனத்தில் அந்தக் கேள்வி வந்துவிடும்: "இவ்வளவு காசு போட்டு ஸ்மார்ட் சுரங்கம் கட்டினாங்களே, அது என்ன செய்யுது?" கேள்வி நியாயமானதுதான். பதிலைத்தான் யாரும் பகிர்வதில்லை.

2007-இல் திறக்கப்பட்ட இந்தச் சுரங்கத்தின் நீளம் 9.7 கிலோமீட்டர். கிள்ளான் ஆறும் அம்பாங் ஆறும் சேரும் இடத்தருகே வெள்ளநீரை உள்வாங்கி, நகர மையத்தைத் தொடாமல் தாமான் டேசா பக்கமுள்ள குளத்துக்குக் கொண்டுபோய், கெராயோங் ஆற்றில் விடும். நடுவில் சுமார் 3 கிலோமீட்டருக்கு ஈரடுக்குச் சாலை. மிதமான மழையில் சாலைக்கு அடியில் தண்ணீர் ஓடும், மேலே கார் ஓடும். பெருமழை என்றால் வாகனங்களை வெளியேற்றிவிட்டு, கதவுகளைத் திறந்து, சாலையையே ஆறாக்கிவிடுவார்கள். பொறியியல் படிக்கிற எனக்கு இதைவிட அழகான யோசனை நம்ம நாட்டில் இல்லை!

இப்போது கால்குலேட்டரை எடுங்கள். சுரங்கமும் இரு முனைக் குளங்களும் சேர்ந்து கொள்வது சுமார் 30 லட்சம் கன மீட்டர். கோலாலம்பூரின் பரப்பு 243 சதுர கிலோமீட்டர். அதன்மேல் 100 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 2 கோடியே 43 லட்சம் கன மீட்டர். எட்டு மடங்கு! சுரங்கம் தண்ணீரைத் தேக்குவதோடு கடத்தவும் செய்வதால் இது நேர் ஒப்பீடு இல்லைதான். ஆனாலும் அளவு புரிகிறதல்லவா? காட்டில் விழும் மழையை மண் கொஞ்சம் குடிக்கும். கார் நிறுத்துமிடத்து சிமெண்டு குடிக்காது, அப்படியே கால்வாய்க்குத் தள்ளிவிடும்.

இன்னொன்று, அது காப்பது மஸ்ஜிட் ஜாமேக் சுற்றியுள்ள நகர மையத்தை. 2021 டிசம்பரில் மூழ்கிய ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா, கிள்ளான் ஆற்றின் போக்கில் வெகு கீழே, தாழ்வான நிலத்தில் இருக்கிறது. அங்கே கூரைமேல் காத்திருந்தவர்களுக்கு இந்தச் சுரங்கம் என்ன செய்திருக்க முடியும்? அன்று உதவியது பக்கத்து ஊர் இளைஞர்கள் கொண்டுவந்த படகுகள்.

தாழ்வான தாமானில் இருப்பவர்கள், நீர்ப்பாசன, வடிகால் துறையின் 'பப்ளிக் இன்ஃபோபஞ்சிர்' தளத்தில் உங்கள் ஆற்று நிலையத்தின் பெயரைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அபாய மட்டத்துக்கு முன்னால் எச்சரிக்கை மட்டம் என்று ஒன்று உண்டு. பாட்டியையும் பிறப்புப் பத்திரங்களையும் மாடிக்கு ஏற்றக் கிடைக்கும் நேரம் அந்த இடைவெளிதான்.