சிறுகுறிஞ்சானும் நீரிழிவும்

தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி காலத்தில் (1798–1832) தொகுக்கப்பெற்ற சரபேந்திர வைத்திய முறைகளில் நீரிழிவுக்கெனத் தனிப்பகுதி உண்டு. அந்நோய்க்கு இன்றும் நம் காவிரிப் படுகையினர் பலர் நாடுவது வேலியில் படரும் சிறுகுறிஞ்சான்.

அவ்விலையை மென்றபின் சர்க்கரையை நாவிலிட்டுப் பார்த்தேன், மணல்போலிருந்தது. அதிலுள்ள ஜிம்னிமிக் அமிலம் இனிப்புணர்வைச் சிறிது நேரம் மறைப்பதே காரணம். நாவில் மறைந்த இனிப்பு இரத்தத்திலும் மறைந்ததெனக் கொள்ளலாகாது.

1990இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நீரிழிவுற்ற எலிகளுக்கு இவ்விலையின் சாரத்தைக் கொடுத்தபின், இன்சுலின் சுரக்கும் கணையத் திட்டுகள் பெருகியதைக் கண்டனர். மாத்திரை உண்ட 22 நோயாளிகளுக்கு நாள்தோறும் 400 மில்லிகிராம் சாரமும் 18 முதல் 20 மாதங்கள் அளித்தபோது, ஐவரே மாத்திரையை விட முடிந்தது.

எஞ்சிய 17 பேரை நாம் மறத்தலாகாது. மூலிகையை மட்டும் நம்பி மருந்தைத் தாமே நிறுத்துவோரின் கண்ணும் சிறுநீரகமும் ஓசையின்றிக் கெடும். ஆகவே இலையைப் போற்றுவோம். மருந்தை நிறுத்துமுன் மருத்துவரைக் கேட்போம்!