சாமை குத்துவது யார் வேலை?



அஞ்செட்டி, தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மக்களுக்குச் சாமையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நம் மாவட்டத்துப் பையூர் ஆராய்ச்சி நிலையத்தின் பெயரிலேயே 'பையூர் 2' என்று ஒரு சாமை ரகம் உண்டு. அப்படியிருந்தும் பல வீடுகளில் சாமைச் சோறு ஏன் நின்று போயிற்று? பெண்களைக் கேளுங்கள். "யாரு குத்துறது?" என்பார்கள்.

நியாயமான கேள்விதான். ராகியைத் தோலோடு அரைத்துக் களி கிண்டிவிடலாம். சாமைக்கு உமி கெட்டி, மணியோ பொடிசு. வெயிலில் நன்றாகக் காய வைத்து, திருகையில் லேசாக ஓட்டி, முறத்தில் புடைத்து, உரலில் குத்தி, மறுபடி புடைத்து, மறுபடி குத்தி, கல் பொறுக்கி... உலை வைப்பதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும்.

இதில் பாதி வேலையை நாமே வீணாகச் செய்கிறோம். உமி போன பிறகு அரிசி மேல் மெல்லிய தவிடு ஒட்டியிருக்கும். வெள்ளை வெளேரென்று வர வேண்டுமென்று அதையும் குத்தி எடுத்து மாட்டுக்குப் போடுகிறோம். நார்ச்சத்தும் பி வைட்டமினும் மாட்டுக்குப் போகிறது! பழுப்பு நிறத்திலேயே நிறுத்துங்கள். ஆனால் தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை வரும். வாரத்துக்கு வேண்டியதை மட்டும் குத்தி, மிச்சத்தை உமியோடு வையுங்கள்.

இனி வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை. ஓசூர் கம்பெனியில் ஷிப்டு முடித்து வருகிறீர்கள், களைப்புதான். விடியற்காலை முதல் தண்ணீர், விறகு, மாடு என்று அலைந்த சம்சாரத்துக்கும் அதே களைப்புதானே? அதிலும் மாசமாக இருக்கிறவள் கையில் உலக்கையைக் கொடுக்காதீர்கள். 'குத்தினால் சுகப்பிரசவம்' என்று பெரியவர்கள் சொல்வார்கள். நடப்பது நல்லது, சின்ன வேலைகளும் நல்லது. பாரமான உலக்கை வேறு சங்கதி. லீவு நாளில் ஒரு மணி நேரம் நீங்கள் குத்துங்கள். ஊர் சிரிக்குமா? இரண்டு நாள் சிரிக்கும்.

கொல்லிமலையிலும் இதே கஷ்டம்தான் இருந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியால் உமி நீக்கும் சிறு இயந்திரங்கள் அங்கே வந்தன. உங்கள் மகளிர் குழுவும் வேளாண்மை அலுவலகத்தில் விசாரிக்கலாம். மிஷினில் கொடுத்தாலும், "ரொம்பத் தீட்டாதீங்க" என்று சொல்லிவிடுங்கள்.

சாமை சாப்பிடுகிறோமே என்று கர்ப்பிணிகள் இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. நாலாம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, 180 நாள். குழந்தை பிறந்த பிறகும் 180 நாள். கிராம சுகாதார செவிலியரிடம் இலவசமாகக் கிடைக்கும். மாத்திரை போட்ட கையோடு டீ, காபி குடிக்க வேண்டாம்.