விசிறி மாற்றிய பின் கணினி விழிக்காவிட்டால்: கடைக்காரர்களுக்கு ஒரு பாடம்

அந்தியில் கல்லாவை எண்ணும்போது கணக்கு உதைத்தால், பழகிய கணக்கப்பிள்ளை என்ன செய்வார்? பேரேட்டை முதல் ஏட்டிலிருந்து புரட்டிக்கொண்டிருக்க மாட்டார். கடைசியாகக் கணக்கு நேரான நாள் எது என்று பார்ப்பார். அதற்குப் பின் விழுந்த பதிவுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார். பிழை பெரும்பாலும் அங்கேதான் அகப்படும். நேற்று வரை ஓடிய கணினி, அதன் விசிறியை மாற்றியவுடன் விழிக்க மறுத்தால், அதற்கும் இதுவே வழி. கடைசியாக நம் கை எங்கே பட்டதோ அங்கே தேட வேண்டும்.

நெகிரி செம்பிலானில் ரந்தாவ், சிலியாவ், லிங்கி, பகாவ் முதலிய ஊர்களைச் சுற்றிய தோட்டங்களில், முன்பு கித்தா மரம் நின்ற நிலத்தில் பெரும்பாலும் இன்று செம்பனை நிற்கிறது. தோட்டத்து மக்களுக்குச் சாமான் கொடுக்கும் நம் கடைகளும் மாறிவிட்டன. பற்றுப் புத்தகம் கிடந்த மேசையில் கணினி அமர்ந்திருக்கிறது. 2015 ஏப்ரல் 1-இல் பொருள், சேவை வரி வந்தபோது கடைக்காரர் பலர் கணினியை நாடினார்கள். அவ்வரி 2018-இல் நீங்கியது, கணினி நீங்கவில்லை. 2024 ஆகஸ்ட் 1 முதல் பெரிய நிறுவனங்களில் தொடங்கிக் கட்டங்கட்டமாக வந்த மின் விலைப்பட்டியல் முறை, அதன் அவசியத்தை இன்னும் கூட்டிவிட்டது.

ஆகவே, சம்பள நாளன்று கடை நிறைய ஆள் நிற்கும்போது, “அத்தா, பெட்டி செத்துப் போச்சு. புதுசுதான் வாங்கணும்” என்று மகன் வந்து நின்றால் நெஞ்சு படபடக்கத்தான் செய்யும். அன்பர்களே, பதறவேண்டாம். யார் எவ்வளவு பாக்கி என்ற கணக்கு விசிறியிலும் இல்லை, பிராசசரிலும் இல்லை. அது வட்டில் இருக்கிறது. வட்டு கெடாதவரை, கணினி எழாவிட்டாலும் கணக்கு அழிவதில்லை. இதை மனத்தில் இருத்திக்கொண்டு நிதானமாகப் பார்ப்போம்.

விசிறி எதற்கு?

பிராசசர் கணினியின் மூளை. வேலை செய்யச் செய்ய அது சூடேறும். ஏறத்தாழ 90 முதல் 100 டிகிரி செல்சியஸை எட்டினால் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் சூடு அடங்காவிட்டால் கணினியே அணைந்துவிடும். இந்தச் சூட்டை வாங்கி வெளியே தள்ளுவதற்கே உலோகத் தகடுகளும் விசிறியும் சேர்ந்த கூலர் அதன்மேல் அமர்ந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு பசை உண்டு. அரிசித் தூசியும் மசாலாத் தூளும் பறக்கும் கடையில் தகடுகள் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். ஆண்டுகள் செல்ல, பசையும் காய்ந்துவிடும். கூலரை மாற்ற நேர்வது இதனால்தான்.

திறக்கும் முன்

மின்சார வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். பிறகு கணினியின் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் உள்ளே மிஞ்சிய மின்சாரம் வடியும். பெட்டியின் வெற்று இரும்பை ஒரு தடவை தொட்டு, உடம்பில் இருக்கும் நிலைமின்சாரத்தை இறக்கிவிடுங்கள். பவர் சப்ளை என்னும் மின்பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்கலாகாது. மின்சாரத்தைப் பிடுங்கிய பின்னும் அதற்குள் ஆபத்து இருக்கும்.

எந்த வகை மௌனம்?

‘எழவில்லை’ என்பது ஒரே நோயன்று. மூன்று வகை உண்டு. முதலில் வகையைக் கண்டுகொள்ள வேண்டும்.

முதல் வகை: விளக்கும் இல்லை, விசிறியும் சுற்றவில்லை. மின்பெட்டியின் பின்புறச் சுவிட்சைப் பாருங்கள். வேலை தொடங்கும்போது அணைத்தவர்கள் மறுபடி போட மறந்திருப்பார்கள். கோடு போட்ட பக்கம் அழுந்தியிருந்தால் மின்சாரம் உண்டு. வட்டம் போட்ட பக்கம் அழுந்தியிருந்தால் இல்லை. அடுத்து, மதர்போர்டுக்கு வரும் 24 முனை பெரிய வயர் முழுவதும் அழுந்தியிருக்கிறதா? முன்புறப் பொத்தானிலிருந்து வரும் மெல்லிய வயர் கை பட்டுக் கழன்றிருக்கிறதா? விசிறி ஒரு துடி துடித்து நின்றுவிட்டால், திருகாணி ஒன்று பலகையின் அடியில் விழுந்து கிடக்கிறதா என்று தேடுங்கள். அது மின்சாரத்தைக் குறுக்கே இணைத்துவிடும்.

இரண்டாம் வகை: விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் இருட்டு. அதிகமாகத் தொல்லை கொடுப்பது இதுவே. பிராசசருக்கென்று 4 அல்லது 8 முனையுள்ள தனி மின்வயர் உண்டு. பெரிய கூலரைப் பூட்ட இடம் வேண்டி அதைக் கழற்றியவர்கள் திரும்பச் செருக மறப்பது சகஜம். மற்ற விசிறிகள் சுற்றுவதால் எல்லாம் சரியென்று மயங்கிவிடக்கூடாது. அடுத்தது ரேம். கூலரைத் தள்ளும்போது ரேம் பட்டை ஒரு முனையில் எழும்பியிருக்கலாம். எடுத்து, மறுபடி ‘டக்’ என்று பூட்டு விழும்வரை அழுத்துங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள். தனித் திரை அட்டை இருந்தால் அதையும் அழுத்திப் பாருங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்து திரை வராவிட்டால் கூலரின் திருகாணிகளைக் கவனியுங்கள். லாரிச் சக்கரத்து நட்டை ஒரே பக்கமாக முடுக்குவதுண்டா? எதிரெதிராகச் சிறிது சிறிதாகத்தான் முடுக்குவோம். கூலருக்கும் அதே சட்டம். ஒரு பக்கம் அதிகம் இறுகினால் பலகை வளையும். பிராசசரின் தொடர்பு கெட்டு ரேம் தெரியாமற் போகும். நான்கையும் தளர்த்திக் குறுக்கு மறுக்காக மறுபடி இறுக்குங்கள்.

மூன்றாம் வகை: எழுகிறது, சில விநாடிகளில் அணைகிறது. இது பெரும்பாலும் சூட்டின் வேலை. புதுக் கூலரின் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா? பசை வைத்தீர்களா? கூலர் ஒரு மூலையில் தூக்கிக்கொண்டு நிற்கிறதா? பட்டாணி அளவுப் பசை போதும். தாராளமாக வைத்தால் ஓரத்தில் வழிந்து சாக்கெட்டுக்குள் இறங்கும். பழைய பசையைப் பஞ்சு உதிராத துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்த பிறகே புதியதை வைக்க வேண்டும்.

விசிறி தொடர்பான பிழை என்று திரையில் எழுத்து வந்து, எஃப் 1 அழுத்தச் சொல்லி நின்றால் மனம் குளிரலாம். கணினி நலமாக இருக்கிறது. விசிறி வயரை வேறு துளையில் செருகியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். ‘சி.பி.யு. ஃபேன்’ என்று பொறித்த துளைக்கு மாற்றுங்கள். விசிறி சுற்றாதபோது எஃப் 1 அழுத்தி ஓட்டவேண்டாம்.

பிராசசர் கையோடு வந்துவிட்டதா?

ஏ.எம்.டி.யின் ரைசன் பிராசசர்கள் 2017-இல் வந்தன. ஏ.எம் 4 எனப்படும் அந்த வகையில் பிராசசரின் அடியில் 1331 ஊசிகள் உண்டு. காய்ந்த பசை பிடித்துக்கொண்டால், கூலரை நேராக இழுக்கும்போது பிராசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும், ஊசி வளையும். எனவே, கழற்றும் முன் கணினியைச் சில நிமிடம் ஓட்டிப் பசையை இளக்கிக்கொண்டு, அணைத்து, மின்வயரைப் பிடுங்கி, கூலரை மெல்லத் திருகி எடுக்க வேண்டும். 2022-இல் வந்த ஏ.எம் 5 வகையிலும், 2004 முதல் வந்த இண்டெல் மேசைக் கணினிகளிலும் ஊசிகள் சாக்கெட்டில் இருக்கின்றன. கூலர் மாற்றுவதற்கு அங்கே பிராசசரின் பூட்டைத் திறக்கத் தேவையே இல்லை. ஊசி வளைந்திருக்கக் கண்டால் நீங்கள் கைவைக்காமல் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

தேதியில் ஒரு கண்

எதற்கும் மசியாவிட்டால், மின்வயரைப் பிடுங்கிய நிலையில் மதர்போர்டிலுள்ள காசு போன்ற 3 வோல்ட் பாட்டரியைச் சில நிமிடம் எடுத்து வைத்து மறுபடி போடுவது ஒரு வழி. அடிப்படை அமைப்புகள் புதிதாகத் தொடங்கும். ஆனால் கடிகாரமும் பழைய தேதிக்குப் போய்விடும். கணினி எழுந்த மகிழ்ச்சியில் பில் அடித்தால், தவறான தேதியில் விற்பனை பதிவாகி, வரிக் கணக்கில் வம்பு வரும். தேதியைத் திருத்திய பின்பே கல்லாவைத் திறவுங்கள். வட்டு பூட்டப்பட்ட விண்டோஸ் கணினியானால் 48 இலக்க மீட்பு எண்ணையும் கேட்கக்கூடும். அதை முன்னதாகவே தாளில் எழுதிப் பத்திரப்படுத்தியிருக்க வேண்டும்.

கொண்டுபோக நேர்ந்தால்

சிரம்பானுக்கோ வேறெங்கோ பெட்டியைத் தூக்கிச் செல்ல நேர்ந்தால், “ஓடவில்லை” என்று மட்டும் சொல்லாதீர்கள். “கூலர் மாற்றும்வரை ஓடியது. இன்னின்னதைப் பார்த்தாயிற்று” என்று சொல்லுங்கள். மதர்போர்டு போயிற்று என்று அவர் சொன்னால், எதை வைத்துச் சொல்கிறார் என்று கேளுங்கள். வேறு ரேமும் வேறு மின்பெட்டியும் போட்டுப் பார்க்காமல் புதுப் பலகைக்கு வெள்ளியை எண்ணவேண்டாம். வட்டைத் தனியே கழற்றிக் கணக்கை வேறு கணினியில் நகல் எடுத்துத் தரும்படி முதலில் கேளுங்கள்.

முடிவாக ஒன்று. அடுத்த தடவை பெட்டியைத் திறக்குமுன் கைப்பேசியில் உள்ளே ஒரு படம் பிடித்துக்கொள்ளுங்கள். எந்த வயர் எங்கே இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. கணக்கை வேறொரு வட்டில் நகல் எடுங்கள். சம்பள நாளுக்கு முந்திய நாள் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். வாடிக்கைக்காரர் நம்மை நம்பி விட்டுச்சென்ற கணக்கு அது. அதைக் காப்பது கணினியின் பொறுப்பன்று, நம் பொறுப்பு.