310 தோல்விகளும் ஒரு வெற்றியும்

முன்னுரை



ஆண்டு மலர் என்றால் சாதனைகளைப் பற்றித்தான் எழுதுவார்கள். நான் தோல்வியைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். காரணம் உங்களுக்கே தெரியும். மண்டல அளவிலான பாலிடெக்னிக் போட்டியில் நம்ம கூடைப்பந்து டீம் இந்த வருஷமும் முதல் சுற்றோடு வெளியே வந்துவிட்டது. 52க்கு 19. அந்த 19இல் நான் போட்டது வெறும் 4. மறுநாள் கேன்டீனில், "என்னப்பா, டூர் நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார்கள். வீட்டில் அப்பா, "உன்னைப் படிக்க அனுப்பினேனா, பந்து பொறுக்க அனுப்பினேனா?" என்றார். எங்க வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவன் நான். ஆகவே அப்பா கேட்டதில் தப்பே இல்லை. எனக்குத்தான் பதில் சொல்லத் தெரியவில்லை.

போட்டி முடிந்து திரும்பிய பஸ்ஸில் எங்கள் பி.டி. சார் ஒரு பெயரைச் சொல்லியிருந்தார். "கால்டெக் டீமைப் பத்தித் தேடிப் படிடா. அப்புறம் அழு" என்றார். தேடிப் படித்ததை இங்கே உங்களுக்கும் தருகிறேன்.

1. 'வார்சிட்டி' என்றால் என்ன?

'யுனிவர்சிட்டி' என்ற சொல்லின் தலையை வெட்டினால் மிச்சம் இருப்பதுதான் 'வார்சிட்டி'. இங்கிலாந்தின் பழைய உச்சரிப்பில் 'வர்' என்பது 'வார்' ஆகிவிட்டது. அமெரிக்காவில் ஒரு கல்லூரியின் பெயரைத் தாங்கி வெளிக் கல்லூரிகளோடு மோதும் முதன்மை அணிக்கு வார்சிட்டி அணி என்று பெயர்.

அங்கே கல்லூரி விளையாட்டை மூன்று படிகளாகப் பார்க்கலாம். ஹாஸ்டலுக்கு ஹாஸ்டல், துறைக்குத் துறை கல்லூரிக்குள்ளேயே ஆடுவது முதல் படி. ஆர்வமுள்ள மாணவர்கள் தாங்களே சேர்ந்து நடத்தும் கிளப் அணி இரண்டாவது படி. கல்லூரியே பயிற்சியாளரை நியமித்து நடத்தும் வார்சிட்டி அணி மூன்றாவது படி.

இந்த வார்சிட்டி அணிகளில் பெரும்பாலானவற்றை என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பு கட்டியாளுகிறது. 1973 முதல் அதில் மூன்று டிவிஷன்கள். முதல் டிவிஷனில் பெரிய பல்கலைக்கழகங்கள். திறமையான ஆட்டக்காரர்களை ஸ்காலர்ஷிப் கொடுத்து அழைத்து வருவார்கள். மூன்றாவது டிவிஷனில் பெரும்பாலும் சிறிய கல்லூரிகள். அங்கே விளையாட்டுக்கென்று ஒரு காசு ஸ்காலர்ஷிப் கிடையாது. படிக்க வந்த பிள்ளைகள்தான் ஆட வேண்டும். பக்கத்துக் கல்லூரிகள் சேர்ந்து 'கான்ஃபரன்ஸ்' என்ற குழுவாக ஆண்டுதோறும் மோதிக்கொள்ளும். நம்ம மண்டலம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

2. கால்டெக் என்ற சின்னப் பெரிய கல்லூரி

கலிபோர்னியாவின் பாசடீனா நகரில் 1891இல் தொடங்கியது இந்தக் கல்வி நிலையம். கலிபோர்னியா இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி என்ற பெயர் 1920இல் வந்தது. சுருக்கமாகக் கால்டெக். இளநிலை மாணவர்கள் மொத்தமே சுமார் 1,000 பேர்தான். ஆனால் அறிவியல் உலகில் அதன் பெயரைக் கேட்டாலே எழுந்து நிற்பார்கள். விண்வெளி ஆய்வுக்குப் புகழ்பெற்ற ஜே.பி.எல். ஆய்வுக்கூடத்தை நாசாவுக்காக நிர்வகிப்பது இதுவே.

இன்னொரு சுவையான செய்தி. கூடைப்பந்து பிறந்ததும் அதே 1891இல்தான். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், குளிர்காலத்தில் உள்ளே ஆட ஒரு ஆட்டம் வேண்டுமென்று பழக்கூடைகளை மாட்டிவைத்துத் தொடங்கினார். அந்த ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார்.

கால்டெக் அணியின் சின்னம் பீவர் என்ற விலங்கு. மரத்தைப் பல்லாலேயே அறுத்து ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டும். இயற்கையே படைத்த எஞ்சினியர்! நமக்கும் பொருத்தமான சின்னம்தான்.

3. தோல்விக் கணக்கு

இப்போது விஷயத்துக்கு வருவோம். 1985 ஜனவரியில் கால்டெக் ஆண்கள் கூடைப்பந்து அணி லாவெர்ன் அணியை 48-47 என்று வென்றது. அதற்குப் பிறகு தன் கான்ஃபரன்ஸில் அடுத்த வெற்றியைப் பார்க்க 26 ஆண்டுகள் ஆயின. இடையில் தொடர்ச்சியாக 310 தோல்விகள்! ஒரு மாணவர் அங்கே நான்கு ஆண்டு படிப்பார். கணக்குப் போட்டால், ஆறு தலைமுறை மாணவர்கள் கான்ஃபரன்ஸில் ஒரு வெற்றிகூடப் பார்க்காமலே பட்டம் வாங்கிப் போயிருக்கிறார்கள்.

வெளிக் கல்லூரிகளோடும் இதே கதை. டிவிஷன் 3 அணிகளிடம் மட்டும் 207 முறை தொடர்ந்து தோற்று, 2007 ஜனவரியில் பார்டு கல்லூரியை 81-52 என்று வென்றபோதுதான் மூச்சு வந்தது. அந்த அணியைப் பற்றி 'குவாண்டம் ஹூப்ஸ்' என்ற ஆவணப்படமே அதே ஆண்டு வந்தது. அணியில் பள்ளியில் முதல் மாணவனாகத் தேறியவர்கள், பள்ளி அணியில் ஆடியவர்களைவிட அதிகமாம்!

அதே 26 ஆண்டுகளில் கால்டெக் ஆசிரியர்கள் வாங்கிய நோபல் பரிசுகளையும் பாருங்கள். 1992இல் ருடால்ஃப் மார்கஸ், 1995இல் எட்வர்டு லூயிஸ், 1999இல் அகமது செவைல், 2004இல் டேவிட் பொலிட்சர், 2005இல் ராபர்ட் கிரப்ஸ். இவ்வளவு பெயர் வாங்கும் கல்லூரிக்குத் தோற்கிற டீம் எதற்கு, மூடிவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். ஆனால் மூடவில்லை. ஒவ்வொரு ஆண்டும் புதுப் பையன்கள் ஜெர்சி மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். ஆய்வுக்கூட ரிப்போர்ட்டை எழுதிவிட்டு வந்து பந்தைத் தட்டினார்கள்.

4. அந்த ஒரு புள்ளி

2008இல் ஆலிவர் எஸ்லிங்கர் என்பவர் பயிற்சியாளராக வந்தார். கல்லூரியின் சேர்க்கைத் தரத்தில் துளியும் தளர்வு இல்லை. படிப்பிலும் தேறி ஆடவும் தெரிந்த மாணவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தேடி அழைத்தார்.

2011 பிப்ரவரி 22. சீசனின் கடைசி ஆட்டம், சொந்த மைதானம். எதிரணி ஆக்சிடென்டல் கல்லூரி. ஒபாமா முதல் இரண்டு ஆண்டு படித்த கல்லூரி அது. மூன்றே சொச்சம் விநாடி மிச்சம். இறுதியாண்டு மாணவர் ஒருவருக்கு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. ஃப்ரீ த்ரோவுக்கு ஒரே ஒரு புள்ளிதான். பந்து வளையத்துக்குள் இறங்கியது. 46-45! பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மைதானத்துக்குள் ஓடி வந்தார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த அந்த மாணவருக்கு அதுதான் கல்லூரியில் கடைசி ஆட்டம்.

5. நமக்கு என்ன பாடம்?

'வெற்றி தோல்வி சகஜம், தோற்றால் பரவாயில்லை' என்று சொல்லி முடித்துவிடலாம். அது பாடமல்ல, சமாதானம். கால்டெக் சும்மா இருந்து ஜெயிக்கவில்லை. நல்ல பயிற்சியாளரைக் கொண்டுவந்தது, ஆள் தேடியது, உழைத்தது. ஆனால் அத்தனைக்கும் அடிப்படை ஒன்று உண்டு. 1986லோ 1996லோ டீமைக் கலைத்திருந்தால் 2011இல் ஃப்ரீ த்ரோ போட ஆளே இருந்திருக்காது.

நம்ம லேபில் யு.டி.எம். மெஷினில் மைல்டு ஸ்டீல் கம்பியை இழுக்கிறோமே, நினைத்துப் பாருங்கள். ஈல்டு பாயின்ட் வரும், கழுத்துச் சிறுக்கும், கடைசியில் டப்பென்று அறுபடும். கம்பி வீணாகிவிட்டது என்று யாராவது வருத்தப்படுகிறோமா? அறுத்துப் பார்த்தால்தான் அது எவ்வளவு தாங்கும் என்று தெரியும். அந்த எண்ணை வைத்துத்தான் டிசைனே போடுகிறோம். 52-19 என்பதும் ஒரு ரீடிங்தான். முதல் பாதியில் 14 போட்ட நாங்கள் இரண்டாம் பாதியில் 5தான் போட்டோம். மூச்சு வாங்கியது. ஆக, அடுத்த வருஷம் முதலில் ஓட வேண்டும், பிறகுதான் பந்து. இது ஆடாமலே உட்கார்ந்திருந்தால் கிடைத்திருக்குமா?

இன்னொரு செய்தி. 1985க்கு முன்பும் கால்டெக்குக்கு இப்படி ஒரு நீண்ட தோல்வி இருந்தது. கான்ஃபரன்ஸில் 99 ஆட்டம் தோற்று, 1980இல் பொமோனா-பிட்ஸர் அணியை வென்று அதை முடித்தார்கள். தோற்பதற்கே பேர்போன கால்டெக்கிடமே தோற்ற அந்த அணிக்கு அப்போது பயிற்சியாளர் யார் தெரியுமா? கிரெக் பாப்பவிச். பின்னாளில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணிக்கு ஐந்து முறை என்.பி.ஏ. பட்டம் வாங்கித் தந்தவர்!

முடிவுரை

அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்தப் பையன்க யாரும் அரியர் வச்சாங்களா?" என்றார். நான் வைக்கவில்லை என்பதையும் சொன்னேன். "அப்ப சரி, ஆடு" என்றார்.

ஆனால் எனக்கு இனி ஆட வருஷம் இல்லை. நம்ம டீமில் எட்டுப் பேர். ஐந்து பேர் மூன்றாம் ஆண்டு, இந்தத் தேர்வோடு வெளியே போகிறோம். மிச்சம் மூன்று பேர். மூன்று பேரை வைத்து டீம் பெயர்கூடக் கொடுக்க முடியாது. ஆகவே ஜூனியர் தம்பிகளே, உயரம் வேண்டாம், முன் அனுபவம் வேண்டாம். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிரவுண்டுக்கு வாங்க. பி.டி. சாரிடம் பெயர் கொடுங்க. ரிங்கில் வலை கிழிந்திருக்கிறது, அதை நாங்கள் ஐவரும் போவதற்குள் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போகிறோம்.

310 தோற்றவர்களே கலைக்கவில்லை. நாம் இன்னும் பத்துக்கூடத் தாண்டவில்லை!

– மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை